மாசிலாமணிக்குப் பக்கத்தில் காலி இடம்

உக்காருங்க சார், யாரும் வரல. பையை நான் மடியில வெச்சுக்கறேன். இல்ல இல்ல, மேல வைக்க வேணாம், நசுங்கிரும். மடியிலயே இருக்கட்டும்.

அறந்தாங்கியா? நானும் அறந்தாங்கிதான். ஒரு வேலையா போறேன்.

அது கல்யாணப் பத்திரிகைக் கட்டுதானே? ஒண்ணு குடுங்க, பாத்துட்டுத் தரேன். தொழில் புத்தி சார், தப்பா எடுத்துக்காதீங்க. அட கண்றாவியே! இதுல எத்தன கலர் இருக்குன்னு எண்ணினீங்களா? நான் எண்ணிட்டேன். ஒம்பது. பிள்ளையாருக்கு மட்டும் நாலு. மயில் எதுக்கு சார்? மயிலுக்கும் உங்க பொண்ணுக்கும் என்ன சம்பந்தம்? பையனா? சரி, மயிலுக்கும் உங்க பையனுக்கும் என்ன சம்பந்தம்? நாலு மூலையிலயும் மஞ்சள் தடவியிருக்கீங்களே, அது ஒண்ணுதான் இதுல யாரும் டிசைன் பண்ணாத கலர். அது மட்டும் நல்லா இருக்கு. இந்தாங்க, பிடிங்க.

என் பேரு குலோத்துங்கன். தொழில்ல வெறும் குலோ. பதினெட்டு வருஷமா திருச்சியில வெப்சைட் டிசைன் பண்றேன். பண்றவன் தெருவுக்கு நாலு பேரு இருக்கான். அவனுங்க செய்யறது படத்தையும் எழுத்தையும் அள்ளிக் கொட்டறது. நான் செய்யறது வேற. தளத்துக்கு ஒரு ஆளுமை குடுக்கறது. புரியலையா? பரவால்ல, யாருக்கும் புரியறதில்ல.

இந்த பஸ்ஸையே எடுத்துக்கங்க. டிரைவர் தலைக்கு மேல மூணு மதத்து சாமி. சாமியைச் சுத்தி ஓடற லைட்டு. கண்ணாடியில குஞ்சலம், குஞ்சலத்துக்கு மேல பிளாஸ்டிக் ரோஜா. இவன் யாரு? உங்களால சொல்ல முடியுமா? முடியாது. ஆனா ஒரு வெப்சைட்டைத் தொறந்தா மூணு செகண்டுல ஒரு ஆளு எதிர்ல வந்து நிக்கணும். டாக்டர் தளம்னா டாக்டர் நிக்கணும். நகைக்கடைக்காரன் மாதிரி இளிச்சுக்கிட்டு நின்னா நோயாளி ஓடிருவான். எழுத்து எவ்வளவு பெருசுங்கறது அந்த ஆளோட குரல். கலருங்கறது அவன் போட்டிருக்கிற சட்டை. காலியா விடற எடம் இருக்கே, அதான் அவன் விடற மூச்சு. இந்த ஊர்ல எவனும் மூச்சு விட மாட்டேங்கறான் சார். ஒரு விரக்கடை எடம் காலியா இருந்தா உடனே அங்க ஒரு பூவை வெச்சுடறானுங்க.

என் வீட்டம்மாகிட்ட இதைச் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன். அரசின்னு பேரு. மங்கையர்க்கரசி. எங்க வீட்டை நான் சாம்பல் கலர்ல அடிச்சு வெச்சிருக்கேன், வாசல் கதவு அப்படியே சுத்தமா, துடைச்சு விட்ட மாதிரி இருக்கும். இவ போயி பிளாஸ்டிக் மாவிலைத் தோரணம் ஒண்ணு வாங்கிட்டு வந்தா. ரெண்டு முனையிலயும் பாசிமணிக் கிளி. அந்தப் பச்சை உலகத்துல எந்த எலையிலயும் கிடையாது சார். கழட்டி வெச்சேன். மறுபடி மாட்டினா. கழட்டினேன். மாட்டினா. மூணாவது தரம் குப்பையில போட்டேன். ஐப்பசியில அம்மா வீட்டுக்குப் போயிட்டு வரேன்னு போனா. இப்ப மாசி. வாசல் சுத்தமா இருக்கு. நான் நிம்மதியா இருக்கேன்.

அது போகட்டும். மாசிலாமணி கதைக்கு வரேன். கல்யாணம் வெச்சிருக்கீங்க, சமையல்காரர் பேரு உங்களுக்குத் தெரியாம இருக்காது. திருச்சி, லால்குடி பக்கம் பெரிய மண்டபம்னா மாசிலாமணி சமையல்தான். அவரு பையன் கபிலன் போன கார்த்திகையில என்கிட்ட வந்தான், அப்பா தொழிலுக்கு ஒரு வெப்சைட் வேணும்னு. கையில ஒரு நோட்டு. என்னென்ன வேணும்னு எழுதியே எடுத்துட்டு வந்திருக்கான். தொறந்த உடனே நாதஸ்வரம் வாசிக்கணுமாம். ரெண்டு பக்கமும் வாழைமரம் அசையணுமாம். மேல பிள்ளையார் கண்ணைச் சிமிட்டணுமாம். கண்ணைச் சிமிட்டற பிள்ளையாரை நீங்க எந்தக் கோயில்லயாவது பாத்திருக்கீங்களா? எழுபத்திநாலு அயிட்டத்துக்கும் போட்டோ. கீழ ஒரு லட்டு உருளணும். "உருண்டு எங்கடா போகணும்?"னு கேட்டேன். "அப்படியே ஓரமா போயி மறுபடி இந்தப் பக்கம் வரணும் சார்"ங்கறான். ரசனைங்கறது அந்தக் குடும்பத்துக்கு ரசத்தோட முடிஞ்சு போச்சு.

நோட்டை மூடி அவன் கையிலயே குடுத்தேன். "உங்கப்பாவை நான் பாக்கணும்"னேன்.

ஒரு மண்டபத்துல காலையில மூணு மணி நேரம் அடுப்படி ஓரமா நின்னேன் சார். முப்பது பேரு கத்திக்கிட்டு ஓடறானுங்க. நடுவுல ஒரு ஸ்டூலைப் போட்டு அந்த மனுஷன் உக்காந்திருக்காரு. வாயைத் தொறக்கல. எதையும் ருசி பாக்கறது கிடையாது. அண்டாகிட்ட போயி குனிஞ்சு ஆவியை ஒரு இழுப்பு இழுப்பாரு. விரலைக் காட்டுவாரு. ஒரு விரல்னா உப்பு. ரெண்டு விரல்னா புளி. முடிஞ்சுது. பத்தொம்பது வருஷமா அப்படித்தானாம், தேவைக்கு மேல ஒரு வார்த்தை கிடையாதாம். அதுக்கு முன்னாடி நல்லா வாயாடற ஆளாம். அண்ணன் தில்லைநாயகமும் இவரும் ஒண்ணா தொழில் பண்ணியிருக்காங்க. ஒரு நாள் அண்ணன் புது போர்டு எழுதி மாட்டியிருக்காரு. 'தில்லைநாயகம்'னு ஒரு முழ எழுத்து. அதுக்குக் கீழ 'மற்றும் சகோதரர்'னு எறும்பு சைஸ்ல. பேரு கூட கிடையாது. இவரு கரண்டியை வெச்சுட்டு வந்தவருதான், அண்ணன் வாசலை அப்பறம் மிதிக்கல. அண்ணன் அதே ஊர்ல தனியா சமையல் எடுக்கறாரு. எழுத்து சைஸ்ல ஒரு குடும்பமே ரெண்டாப் போயிருக்கு. இவனுங்க என்கிட்ட வந்து டிசைன்ல என்ன சார் பெருசா இருக்குன்னு கேக்கறானுங்க.

அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு. இந்த ஆளோட ஆளுமை மௌனம். அதைத் தளத்துல நிறுத்தணும்.

நிறுத்தினேன். வெள்ளையும் சாம்பலும் மட்டும், வேற கலரே கிடையாது. இடது பக்கம் மாசிலாமணி, கறுப்பு வெள்ளையில, மார்பு வரைக்கும். சிரிப்பில்ல. கண்ணு எங்கயோ தூரத்தைப் பாக்குது. வலது பக்கம் மொத்தமும் காலி. படத்துக்குக் கீழ பேரு. பேருக்குக் கீழ ஒரே ஒரு வரி: 'அந்தக் கைமணம் என்றும் நம் நெஞ்சில்.' அதுக்கும் கீழேருந்து மெல்லிசா ஒரு இழை ஆவி எழும்பி, அவரு முகத்தைத் தொட்டுட்டுக் கலைஞ்சு போகும். அந்த ஆவிக்கு மட்டும் ஒம்பது நாள் உழைச்சேன் சார்.

ஏன் சிரிக்கிறீங்க? சொல்லுங்க, ஏன் சிரிக்கிறீங்க? சரி. நீங்களும் அந்தக் கும்பல்தான். மயில் போட்டவருதானே, நான் வேற என்ன எதிர்பாக்க முடியும்.

வீட்டுல கொண்டு போயி காட்டினேன். அவரு சம்சாரம் சொர்ணம்மா, "ஏங்க, நெத்தியில இருக்கிற விபூதி குங்குமம் எதுவுமே தெரியலையே"ன்னாங்க. கபிலன், "கொஞ்சூண்டு கலராவது போடுங்க சார்"னான். "கலர் வேணும்னா வேற ஆளைப் பாத்துக்க"ன்னேன். அடங்கிட்டான். மாசிலாமணி மட்டும் ரொம்ப நேரம் பாத்தாரு. அப்பறம் வாயைத் தொறந்தாரு. அவரு குரலை அன்னிக்குத்தான் மொதல்ல கேக்கறேன்.

"இந்தப் பக்கம் ஏன் தம்பி காலியா கெடக்கு? யாராச்சும் வரணுமா?"

"ஐயா, அது காலி இல்ல. அதுதான் உங்க மௌனம்"னேன்.

ஒரு விரலைக் காட்டினாரு. உப்பு கூடவா குறையான்னு தெரியல. நான் சரின்னு எடுத்துக்கிட்டேன்.

கீரனூர் வந்திருச்சா? ஆள் ஏறுது பாருங்க, கொஞ்சம் காலை மடக்கிக்கங்க. 

போகியன்னிக்குத் தளத்தை வெளிய விட்டோம். தை பொறந்தா அவங்களுக்கு உயிர். தையில மட்டும் ஏழு கல்யாணம் பேசி முடிச்சு, வெத்தலை பாக்குத் தாம்பாளம் வாங்கி வெச்சிருந்தாங்க. அடுப்படியில நிக்கிற முப்பது குடும்பமும் தையை நம்பித்தான் இருக்கு. இதெல்லாம் கபிலன் சொன்னது, நான் கேக்கல. தெரிஞ்சவங்க, சொந்தக்காரங்க, கல்யாண வீட்டுக்காரங்க எல்லாருக்கும் வாட்ஸப்புல அனுப்பறேன் சார், கூட என்ன எழுதட்டும்னு கேட்டான். "ஒரு எழுத்து எழுதாத. தளம் தானே பேசும்"னேன். அறுநூறு பேருக்கு அனுப்பினான். அனுப்பினா போன்ல எப்படித் தெரியும்னு உங்களுக்குத் தெரியுமில்ல? மொதல்ல அந்தப் படம், கீழ பேரு, அதுக்குக் கீழ அந்த வரி.

பத்தே நிமிஷத்துல நாப்பது கும்பிடு சார். ரெண்டு கையும் சேத்து வெச்ச கும்பிடு படம் இருக்குல்ல, அது. அரை மணி நேரத்துல இருநூறு. கபிலன் போன் பண்றான். "சார், எல்லாரும் கும்பிடறாங்க சார்!" ஒருத்தர் 'வார்த்தைகளே இல்லை'ன்னு எழுதியிருக்காரு. இன்னொருத்தர் 'எப்பேர்ப்பட்ட மனிதர்'. ஒரு அம்மா அழற முகம் ஏழு போட்டிருக்கு. ஒரு டிசைனைப் பாத்து ஜனங்க அழறாங்க! பதினெட்டு வருஷத்துல என்னை ஒருத்தன் கும்பிட்டது கிடையாது. நாக்காலியை விட்டு எழுந்து நின்னுட்டேன். கண்ணு கலங்கிருச்சு, அதை ஏன் மறைக்கணும்.

அந்த கும்பிடு வரிசையை அப்படியே படம் எடுத்து அரசிக்கு அனுப்பினேன். மூணு மாசமா அவ பேசல, நானும் பேசல. ஆனாலும் அனுப்பினேன். தெரியட்டும்னுதான். யார்கூட வாழ்ந்தோம்னு தெரியட்டும்னு.

ஒரு நிமிஷத்துல பதில் வந்துச்சு. என்னன்னு நெனக்கிறீங்க?

'அய்யோ. யாரு தவறிட்டாங்க? எப்போ?'

எனக்கு வந்த கோவத்துக்கு போனைக் கட்டில்ல வீசினேன். பாருங்க சார், என் வாழ்நாள் வேலை. ஊரே கும்பிடுது. இவ சாவு வீடுங்கறா. கிளித்தோரணம் மாட்டறவளுக்கு வேற எப்படித் தெரியும். பதில் போடல.

என்ன கேக்கறீங்க? எனக்கே தோணலையான்னா? 

தோணுச்சு. ஒரு நிமிஷம் தோணுச்சு. படத்தை எடுத்துத் திரும்பப் பாத்தேன். கறுப்பு வெள்ளை, ஊதுபத்திப் புகை மாதிரி அந்த ஆவி, நெஞ்சில்னு அந்த வரி. பாத்தேன். ஆனா அதை ஒத்துக்கிட்டா அவ சொன்னது சரின்னு ஆயிரும் சார். அப்பறம் தோரணமும் சரின்னு ஆயிரும். போனைக் கவுத்து வெச்சுட்டுப் படுத்துட்டேன். ரெண்டு நாள் யாருக்கும் போன் பண்ணல. பொங்கல் லீவுதானே.

அந்த ரெண்டு நாள்லதான் எல்லாம் நடந்திருக்கு. ஜனங்க எப்படின்னு பாருங்க. ஒருத்தனாவது நேரா கேட்டிருக்கலாம். கேக்க மாட்டானுங்க. சாவு வீட்டுக்கு போன் போட்டு, 'எங்க வீட்டுக் கல்யாணச் சமையல் என்னாச்சு'ன்னு எப்படிக் கேக்கறதாம். பதினாறு முடியாம அந்த வீட்டு ஆளுங்க கல்யாண அடுப்பைத் தொடறதும் சரியில்லையாம். அதனால ஏழு வீட்டுக்காரனும் சத்தம் போடாம போயி வேற எடத்துல தாம்பாளம் வெச்சுட்டான். இங்க தெரியவே தெரியாது. இவங்க பாட்டுக்குப் பொங்கல் வெச்சு, கரும்பு கடிச்சுக்கிட்டு இருக்காங்க.

மாட்டுப் பொங்கலன்னிக்கு சொர்ணம்மாவோட அத்தை மகளுங்க நாலு பேரு ஆட்டோவுல வந்து, தெரு முனையிலேயே மாரடிச்சுக்கிட்டு எறங்கியிருக்காங்க. அந்தம்மா நெத்தி நிறைய குங்குமமும் தலை நிறைய மல்லியுமா கதவைத் தொறந்திருக்கு. அதைப் பாத்து ஒருத்தி மயக்கமே போட்டுட்டாளாம்.

கபிலன் எனக்கு போன் பண்ணினான். "சார், அப்பா செத்துட்டாரு சார்."

எழுந்து உக்காந்தேன். "எப்படா?"

"போகியன்னிக்கு சார். நீங்கதான் கொன்னீங்க."

மறுநாள் காலையில அவங்க வீட்டுக்குப் போனேன். போகாம இருந்திருக்கலாம். ஆனா தளத்துலேருந்து படத்தை எடுத்துருவேன்னு கபிலன் சொன்னான், அதைத் தடுக்கத்தான் போனேன். கூடத்துல எல்லாரும் இருக்காங்க. சொர்ணம்மா என்னைப் பாத்து, "என் தாலி உனக்கு என்னப்பா பண்ணுச்சு?"ன்னு கேக்கறாங்க. கபிலன் ஏழு வீட்டுக்கும் போன் போட்டு முடிச்சிருக்கான். எல்லாரும் ஒரே பதில்தான். "ஐயா இருக்காருன்னு ரொம்ப சந்தோஷம் தம்பி. அவருக்கு ஆயுசு கெட்டி. ஆனா நாங்க வேற எடத்துல தாம்பாளம் மாத்திட்டோம். கல்யாண விஷயம், திருப்பி வாங்கினா அபசகுனம்." தை போச்சு. மாசிக்கும் யாரும் வரல. முப்பது ஆளுக்கு என்ன சொல்றதுன்னு கபிலன் தலையில கை வெச்சு உக்காந்துட்டான்.

மாசிலாமணி மட்டும் ஒரு ரோஜாக் கலர் சட்டையைப் போட்டுக்கிட்டு பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காரு. உயிரோட இருக்கேன்னு தெரு பாக்கட்டும்னு சொர்ணம்மாதான் போட்டு விட்டிருக்காங்க. அந்தச் சட்டையைப் பாத்து எனக்குக் கண்ணு கூசுது. அந்த நேரத்துல அதைச் சொல்லக்கூடாதுன்னு பேசாம இருந்தேன், எனக்கும் இங்கிதம் தெரியும் சார்.

அப்ப வாசல்ல ஒரு வேன் வந்து நின்னுச்சு. உள்ளேருந்து ஒரு பெரியவர் எறங்கறாரு. தோள்ல துண்டு, கையில இத்தாம் பெரிய சம்பங்கி மாலை. எறங்கும்போதே கத்தறாரு. "தம்பீ... என் ராசா... முகத்தைக்கூட பாக்க விடாம எடுத்துட்டாங்களேடா..." கூட வந்தவங்க ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றாங்க.

ரோஜாச் சட்டை பேப்பரை மடிச்சு வெச்சுது. எழுந்து வாசலுக்குப் போச்சு. "அண்ணே"ன்னாரு.

தில்லைநாயகம் அப்படியே நின்னுட்டாரு. தம்பி முகத்தைத் தொட்டுப் பாத்தாரு. காதைப் பிடிச்சுத் திருகிப் பாத்தாரு. அப்பறம் அந்த மாலையைச் சுருட்டி, ஓங்கி அடிச்சாரு பாருங்க!

"நான் வர்றேனா இல்லையான்னு பாக்கறதுக்காடா? அதுக்காடா இப்படிப் பண்ணின? ஒரு போன் போட்டா வர மாட்டேனாடா நான்?"

"நீ போட்டிருக்கலாமில்ல அண்ணே."

"நீ எடுப்பேன்னு எனக்கு எப்படிரா தெரியும்!"

அடி நிக்கல. அடிச்சுக்கிட்டே அழறாரு, அழுதுக்கிட்டே அடிக்கிறாரு. மாசிலாமணி தடுக்கவே இல்ல. "சேதி கேட்டு ரெண்டு நாளாச்சுடா. எனக்கு முறையா சொல்லி விடலையேன்னு வீம்புல உக்காந்திருந்தேன். அண்ணன்காரன் நானு, எனக்கு ஆள் விட்டுச் சொல்ல வேணாமா? இன்னிக்கு முடியலடா. படத்துக்காவது மாலை போடுவோம்னு வந்தேன்." இப்படிப் போகுது. வெள்ளைச் சம்பங்கி அந்தக் கண்றாவி ரோஜாச் சட்டை மேல பூராவும் உதிர்ந்து கெடக்கு. டிசைனா பாத்தா அந்த ஒரு நிமிஷம் நல்லா இருந்துச்சு. தற்செயல்தான்.

அப்பறம் இன்னொண்ணு சொன்னாரு. அந்த ஏழு தாம்பாளமும் எங்க போயிருக்குங்கறீங்க? அவரு வீட்டுக்குத்தான். "ஒவ்வொருத்தனும் வந்து, உங்க தம்பி போயிட்டாராமேன்னு சொல்லிட்டு வெத்தலை பாக்கை நீட்டறான்டா. என்னால கை நீட்ட முடியல. உங்க அண்ணிதான் வாங்கி சாமி ரூம்ல வெச்சா. ஏழும் அப்படியே இருக்கு. நான் தொடல."

மாசிலாமணி துண்டால மூஞ்சைத் துடைச்சாரு. "தாம்பாளம் உன் வீட்டுலயே இருக்கட்டும் அண்ணே. அடுப்பை ஒண்ணா பத்த வெப்போம்."

அவ்வளவுதான் சார் பேச்சு. பத்தொம்பது வருஷம், அதுக்கு இத்தனூண்டு பேச்சு. சொர்ணம்மா ஓன்னு அழுதுக்கிட்டே காப்பி போடப் போயிட்டாங்க.

கபிலனுக்கு அப்பதான் என் ஞாபகம் வந்துச்சு. "பெரியப்பா, இவருதான் படம் போட்டவரு"ன்னு கையைக் காட்டறான். தில்லைநாயகம் என்கிட்ட வந்து மேலயும் கீழயும் பாத்தாரு. கையில மாலை நார்தான் மிச்சம், நாலு பூ ஒட்டிக்கிட்டு இருக்கு. அதை என் கழுத்துல போட்டுட்டு உள்ள போயிட்டாரு. சாவு மாலை சார். எனக்கு!

மாசிலாமணி வந்து உக்காந்தாரு. "தம்பி, அன்னிக்கு மௌனம்னியே ஒரு பக்கம். அதுல அண்ணனைப் போடு. கலர்ல போடு."

நான் விடல. மன்றாடினேன். ஐயா, அந்த எடம் போச்சுன்னா தளத்தோட மூச்சே போயிரும்னேன். அவரு ரெண்டு விரலைக் காட்டினாரு. அதோட முடிஞ்சுது.

புதுக்கோட்டை வந்தாச்சு. டீ வேணாம் சார், நீங்க குடிங்க. நான் எறங்கினா இந்தப் பையை யாராவது நசுக்கிருவாங்க.

வாங்க. பாருங்க, இதான் அந்தத் தளம் இப்ப. சத்தத்தைக் குறைக்கறேன், நாதஸ்வரம் கத்தும். பாத்தீங்களா? இந்தக் கையாலதான் செஞ்சேன். வாழைமரம் அசையுது. லட்டு உருண்டு ஓரமா போயி மறுபடி வருது. பிள்ளையார் கண்ணு சிமிட்டறதை மட்டும் முடியவே முடியாதுன்னு சொல்லிட்டேன், எனக்கும் ஒரு மானம் இருக்கு. நடுவுல ரெண்டு பேரும் ஒரே ரோஜாக் கலர்ல. என் மௌனம் இருந்த எடத்துல அண்ணன்காரன் நிக்கிறான், வயித்தைத் தள்ளிக்கிட்டு. பேரு ரெண்டும் ஒரே அளவு எழுத்து. அளவு சரியான்னு தில்லைநாயகம் என் ஆபீசுக்கே வந்து, ஸ்கிரீன் மேல நூல் வெச்சு அளந்து பாத்தாரு. தம்பி பேரு ஒரு நூல் பெருசா இருக்கட்டும்னு வேற சொன்னாரு. நான் முடியாதுன்னுட்டேன். 

போட்டோ எடுக்க ரெண்டு மணி நேரம் ஆச்சு. வாயை மூடுங்க ஐயா, வாயை மூடுங்க ஐயான்னு போட்டோக்காரன் கெஞ்சறான். ரெண்டு பேரும் பேச்சை நிறுத்தவே இல்ல. கடைசியில பேசிக்கிட்டிருக்கும்போதே எடுத்துட்டான். அதான் ரெண்டு பேருக்கும் வாய் தொறந்திருக்கு.

இது யாரோட ஆளுமை, சொல்லுங்க? சந்தைக்கடை. ஆனா வைகாசி வரைக்கும் அவங்ககிட்ட தேதி இல்லையாம். செத்துப் பொழைச்ச சமையல்காரர்னு ஊரெல்லாம் இதையே தொறந்து பாக்குதாம். தளத்துலேருந்து என் பேரை எடுத்துருங்கன்னு கேட்டேன். கேட்டதுக்கு இன்னும் பெருசாப் போட்டுட்டான் கபிலன், மினுக்மினுக்னு. இப்ப எனக்கு வர்ற போனெல்லாம், 'லட்டு உருட்டினவருதானே'ன்னுதான் ஆரம்பிக்குது.

போன வாரம் அந்த கபிலன் என்ன பண்ணினான் தெரியுமா? என்னோட சொந்தத் தளத்தைப் பாத்திருக்கான். அதுல இடது பக்கம் நான், கறுப்பு வெள்ளையில. வலது பக்கம் ஒண்ணும் கிடையாது. போன் போட்டு, "சார், உங்க பக்கத்துல அவ்வளவு எடம் சும்மாதானே கெடக்கு, நம்ம சமையல் விளம்பரத்தை அங்க வெச்சுக்கலாமா?"ங்கறான். எனக்கு வந்துச்சே கோவம்! "அது சும்மா கெடக்கல, அது ஆளு வர்ற எடம்"னு கத்திட்டேன். 

வாய் தவறி வந்துருச்சு சார். நான் சொல்ல வந்தது மூச்சு. மூச்சுன்னுதான் பதினெட்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன்.

அவன் அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் பேசாம இருந்தான். அப்பறம், "சரி சார்"னு வெச்சுட்டான். அந்தக் குடும்பத்துல ஒருத்தன் எனக்காகப் பேசாம இருந்தது அன்னிக்குத்தான்.

அரசிக்கா? இல்ல, இன்னும் பதில் போடல. 'யாரு தவறிட்டாங்க, எப்போ'ன்னு கேட்டது அப்படியே கெடக்கு. தினம் தொறந்து பாக்கறேன், அதுக்குக் கீழ என்ன எழுதறதுன்னு தெரியல. இந்த அண்ணன் தம்பி படத்தை அனுப்பலாம்னு ரெண்டு தரம் எடுத்தேன். அனுப்பல. எழுதினா எழுத்து சரியா வராது சார். பெருசா எழுதினா கத்தற மாதிரி இருக்கும். சின்னதா எழுதினா கெஞ்சற மாதிரி இருக்கும். நேர்ல போயி சொல்லிரலாம்னு.

ஆமா. அறந்தாங்கிதான் அவ அம்மா வீடு. வேலைன்னு சொன்னேன்ல, அதான் வேலை. நீங்க ஏன் சார் அப்படிப் பாக்கறீங்க? எறங்கறதுக்குப் பத்திரிகைக் கட்டை எடுத்து வெச்சுக்கங்க, ஸ்டாண்டு வரப் போகுது. மாலை போட ஆளு வர்ற வரைக்கும் நான் காத்துக்கிட்டு இருக்க முடியுமா?

பையிலயா? அது ஒண்ணுமில்ல. கிழியாம தொறந்து பாத்துட்டுக் குடுங்க. மெதுவா, அந்தக் கிளி மூக்கு ஒட்டு விட்டுரும். தோரணம்தான். பிளாஸ்டிக்தான். சகிக்கலையில்ல? எனக்குத் தெரியும் சார். நாலு கடை ஏறி எறங்கினேன். எல்லாத்தையும் எடுத்து வைக்கச் சொல்லி, இருந்ததுலயே மகா மட்டமானதா பாத்து இதைத்தான் வாங்கினேன்.